அகலப்பரப்பு ஒளிப்படவியலுக்கான முக்காலி

அகலப்பரப்பு ஒளிப்படவியலுக்கான முக்காலி என்பது, ஓரிடத்திலிருந்து பல திசைகளை நோக்கி எடுக்கப்படும் ஒளிப்படங்களைப் பின்னர் ஒரே படமாக இணைப்பதற்கு ஏற்றவாறு, ஒளிப்படக்கருவியைத் தாங்கி, மட்டமாக நிறுத்தி, குறிப்பிட்ட ஒரு புள்ளியை மையமாகக் கொண்டு சுழற்ற உதவும் கருவித்தொகுதி ஆகும். இவ்வாறு உருவாகும் படம் பனோரமா என்று பரவலாக அறியப்படுகிறது. தமிழில் இது அகலப்பரப்புக் காட்சி எனப்படும்.

சாதாரண முக்காலியின் பணி படக்கருவியை அசையாமல் வைத்திருப்பது. அகலப்பரப்பு ஒளிப்படவியலுக்கான முக்காலி அதனுடன் படக்கருவியை முறையாகத் திருப்பவும் வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாமல் கனமான, விலை உயர்ந்த முக்காலியை வாங்குவோர், இணைத்த படத்தில் தூண்களும் சன்னல் கம்பிகளும் உடைந்து தெரிவதைக் காண்பதுண்டு. மறுபுறம், தொலைவிலுள்ள நிலக்காட்சிகளை மட்டும் எடுப்போருக்குச் சிறப்புத் தலைப்பகுதி எதுவும் தேவைப்படுவதில்லை. எந்தக் கருவி தேவை என்பதை முடிவு செய்வது, படத்தில் இடம்பெறும் மிக அண்மைப் பொருள் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதே ஆகும். இக்கட்டுரை அதற்கான காரணத்தையும், கருவியின் உறுப்புகளையும், தாம்பரம் மற்றும் தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு தேர்வு முறையையும் விளக்குகிறது.

வரலாறு

அகலப்பரப்புக் காட்சி ஒளிப்படக்கலைக்கு முந்தியது. இராபர்ட் பார்க்கர் என்னும் ஓவியர், வட்ட அரங்கின் உட்சுவர் முழுவதும் வரையப்படும் ஓவியத்துக்கு 1787ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். 1793இல் இலண்டன் மாநகரின் லெஸ்டர் சதுக்கத்தில் இதற்கெனவே ஒரு கட்டடம் திறக்கப்பட்டது.

தமிழகத்தில் எடுக்கப்பட்ட தொடக்ககால அகலப்பரப்பு ஒளிப்படங்களுள் குறிப்பிடத்தக்கது லின்னேயசு டிரைப் என்பவருடையது. 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்ட இவர், 1858இல் தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டிச் சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக உருவாக்கினார். இது படக்கருவியை ஒரே இடத்தில் நிறுத்திச் சுழற்றி எடுத்த காட்சி அன்று. கருவியைச் சுவரை ஒட்டி நகர்த்தி எடுத்தது ஆகும். இவ்விரு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு, எந்தக் கருவி வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது.

எண்ணிம ஒளிப்படவியலின் வருகைக்குப் பின்னர் படங்களை இணைக்கும் பணி கணினிக்கு மாறியது. ஆப்பிள் நிறுவனம் 1995இல் குவிக்டைம் விஆர் என்னும் தொழில்நுட்பத்தை வெளியிட்டது. செருமனியைச் சேர்ந்த பேராசிரியர் எல்முட் டெர்சு 1998இல் பனோரமா டூல்சு என்னும் மென்பொருளை வெளியிட்டார். அதனை அடிப்படையாகக் கொண்டு உருவான குகின் என்னும் மென்பொருள், கட்டற்ற மென்பொருளாக லினக்சு, விண்டோசு, மாக் ஆகிய மூன்று இயங்குதளங்களிலும் கிடைக்கிறது.

அடிப்படைத் தத்துவம்

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, விரலை முகத்துக்கு முன் நீட்டி, தலையை இடமும் வலமுமாக நகர்த்தினால், பின்னால் உள்ள சுவரின்மேல் விரல் இடம் மாறுவது போலத் தோன்றும். இது இடமாறு தோற்றம் எனப்படும். பார்க்கும் இடம் மாறும்போது அண்மைப் பொருளும் தொலைவுப் பொருளும் ஒரே அளவில் நகராததே இதற்குக் காரணம்.

படக்கருவியிலும் இதுவே நிகழ்கிறது. வில்லையின் முன்புறத்திலிருந்து உள்ளே நோக்கினால், ஒளித்துளை ஓரிடத்தில் இருப்பதாகத் தோன்றும். அவ்விடத்தை நுழைதுளை எனலாம். காட்சியைப் பொறுத்தவரை படக்கருவியின் கண் இருப்பது இங்கேதான். ஆனால் முக்காலியில் பொருத்துவதற்கான திருகுத்துளை படக்கருவியின் உடற்பகுதிக்கு அடியில் உள்ளது. நுழைதுளை பெரும்பாலும் அதற்குச் சில சென்டிமீட்டர் முன்னால், வில்லைக்குள் இருக்கும். எனவே சாதாரணத் தலைப்பகுதியில் படக்கருவியைத் திருப்பும்போது நுழைதுளை ஒரு வட்டவில்லின் வழியே நகர்கிறது. இதனால் ஒவ்வொரு படமும் சற்று வேறான இடத்திலிருந்து எடுத்ததாகிவிடுகிறது.

இந்நகர்வின் அளவைக் கணக்கிடுவது எளிது. சுழலச்சிலிருந்து நுழைதுளை விலகியுள்ள தூரத்தை இரண்டால் பெருக்கி, சுழற்சிக் கோணத்தில் பாதியின் சைன் மதிப்பால் பெருக்க வேண்டும். விலகல் 8 செ.மீ. எனவும், இரு படங்களுக்கு இடையே சுழற்சி 36 பாகை எனவும் கொண்டால், நுழைதுளை சுமார் 4.9 செ.மீ. நகரும். 36 மி.மீ. × 24 மி.மீ. அளவுள்ள உணரியில் 6000 × 4000 படப்புள்ளிகளும், 24 மி.மீ. குவியத் தூரமுள்ள வில்லையும் கொண்ட ஒரு படக்கருவியில், மிகத் தொலைவான பின்னணியோடு ஒப்பிடுகையில் அண்மைப் பொருள் இடம் மாறும் அளவு பின்வருமாறு:

- பொருள் 1 மீட்டர் தொலைவில் இருந்தால்: சுமார் 200 படப்புள்ளிகள்
- 10 மீட்டர் தொலைவில் இருந்தால்: சுமார் 20 படப்புள்ளிகள்
- 100 மீட்டர் தொலைவில் இருந்தால்: சுமார் 2 படப்புள்ளிகள்
- 1 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால்: ஒரு படப்புள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு

100 மீட்டருக்கு அப்பாலுள்ள காட்சியில் இப்பிழை கண்ணுக்குத் தெரியாது. 1 மீட்டரில் உள்ள தூணில் ஏற்படும் பிழையையோ மென்பொருளால் நேர்செய்ய இயலாது. ஒரு படத்தில் தூணால் மறைக்கப்பட்ட பகுதி அடுத்த படத்தில் வெளிப்பட்டிருக்கும். இரண்டு படங்களும் இரு வேறு உண்மைகளைக் காட்டுவதால், எவ்வளவு வளைத்தாலும் அவை முழுமையாகப் பொருந்தா.

வில்லையின் குவியத் தூரத்தைக் கூட்டுவதாலும் இப்பிழை குறைவதில்லை. 50 மி.மீ. வில்லையில் சுழற்சிக் கோணம் 18 பாகையாகக் குறைகிறது. ஆனால் அதற்கு ஈடாக உருப்பெருக்கம் கூடுவதால், அதே விலகலுக்கு 1 மீட்டரில் பிழை சற்றேறக்குறைய முன்பிருந்த அளவிலேயே இருக்கும். விலகலை நீக்குவது ஒன்றே வழி. விலகல் 8 செ.மீ. என்பதிலிருந்து 5 மி.மீ. ஆகக் குறைந்தால், 1 மீட்டரில் பிழை சுமார் 12 படப்புள்ளிகளாகவும், 10 மீட்டரில் ஏறத்தாழ ஒரு படப்புள்ளியாகவும் குறையும்.

தட்டையான பரப்புகளில் அண்மை, சேய்மை என்ற வேறுபாடு இல்லை. எனவே படக்கருவியை நகர்த்தினாலும் இடமாறு தோற்றம் எழாது. கல்வெட்டுச் சுவரைப் படமெடுத்த டிரைப் கருவியை நகர்த்தியும் படங்களைப் பொருத்த முடிந்ததற்கு இதுவே காரணம். அதே முறையைத் தூண்கள் நிறைந்த மண்டபத்தில் கையாள முடியாது.

நுழைதுளையின் இடத்தைக் கண்டறிதல்

விற்பனையாளர்களும் கையேடுகளும் இவ்விடத்தை நோடல் பாயின்ட் என்று குறிப்பிடுவது வழக்கம். ஒளியியலில் கணுப்புள்ளி எனப்படுவது வேறொன்றாகும். சுழற்சி மையமாக அமைய வேண்டியது நுழைதுளையே. அதனைக் கண்டறியப் பின்வரும் சோதனை போதுமானது:

1. அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் தொலைவில் நேராக நிற்கும் ஒரு பொருளையும், அதற்குப் பின்னால் வெகு தொலைவில் மற்றொரு நேரான பொருளையும் தேர்ந்தெடுக்கவும். சன்னல் கம்பியும் தெருக்கோடியில் உள்ள மின்கம்பமும் இதற்குப் பொருத்தமானவை.
2. இரண்டும் ஒரே கோட்டில் தெரியுமாறு முக்காலியை நிறுத்தவும்.
3. அவை படச்சட்டத்தின் இடது ஓரத்திலும், பின்னர் வலது ஓரத்திலும் தெரியுமாறு படக்கருவியைத் திருப்பிப் பார்க்கவும்.
4. படக்கருவியைத் திருப்பும் திசைக்கு எதிர்த்திசையில் அண்மைப் பொருள் விலகினால், படக்கருவியைப் பின்னோக்கி நகர்த்தவும். அதே திசையில் விலகினால் முன்னோக்கி நகர்த்தவும்.
5. இரண்டு ஓரங்களிலும் அவை பிரியாமல் நின்றால் நுழைதுளை சுழலச்சின்மேல் உள்ளது. அந்த இடத்தைச் சறுக்குச் சட்டத்தில் குறித்துக்கொள்ளவும்.

குவியத் தூரம் மாறக்கூடிய வில்லைகளில் ஒவ்வொரு குவியத் தூரத்துக்கும் இவ்விடம் வேறுபடும். எனவே 18 மி.மீ., 24 மி.மீ., 35 மி.மீ. என அடிக்கடி பயன்படும் அளவுகளுக்கு மட்டும் சோதித்து அட்டவணையாகக் குறித்து வைப்பது வசதியானது. மீன்விழி வில்லைகளில் ஒளி உட்புகும் கோணத்துக்கு ஏற்பவும் இவ்விடம் மாறும். ஆகவே படங்கள் இணையும் கோணத்தில் சோதனையைச் செய்ய வேண்டும்.

முன்பின் விலகல் போலவே இடவல விலகலும் நீக்கப்பட வேண்டும். வில்லையைச் செங்குத்தாகக் கீழ்நோக்கித் திருப்பக்கூடிய தலைப்பகுதியில், சுழல்தட்டின் மையத் திருகு படத்தின் நடுவில் தெரிகிறதா என்று பார்த்து இதனைச் சரிசெய்யலாம்.

கருவியின் உறுப்புகள்

கால்கள்

கால்கள் படக்கருவி, தலைப்பகுதி ஆகியவற்றின் மொத்த எடையைத் தாங்க வேண்டும். நடுத்தண்டை உயர்த்தாமலேயே கண்மட்டத்தை எட்டும் முக்காலி விரும்பத்தக்கது. உயர்த்திய நடுத்தண்டு ஒற்றைக்கால் போல ஆடும். அலுமினியக் கால்கள் விலை குறைந்தவை. கரிம இழைக் கால்கள் எடை குறைந்தவை, விலை மிகுந்தவை. படத்தின் இணைப்புத் தரத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வேறுபாடு சிறிதே. மலையேறிச் சுமக்க வேண்டியவருக்கே எடைக்குறைவு பணத்துக்கு ஈடாகும்.

மட்டத்தளம்

சுழலச்சு செங்குத்தாக இல்லையெனில் தொடுவானம் ஒரு பக்கம் உயர்ந்தும் எதிர்ப்பக்கம் தாழ்ந்தும் அலைபோலத் தெரியும். மேற்கூறிய 24 மி.மீ. வில்லையில் அச்சு 1 பாகை சாய்ந்தால், தொடுவானம் ஒரு திசையில் சுமார் 70 படப்புள்ளிகள் மேலேயும் எதிர்த்திசையில் அதே அளவு கீழேயும் செல்லும். இப்பிழையை மென்பொருளால் நேராக்கலாம். ஆனால் மேலும் கீழும் படத்தை வெட்ட நேரிடும்.

கால்களின் நீளத்தை மாற்றியே மட்டம் செய்வது பொறுமையைச் சோதிக்கும் பணியாகும். கால்களின் அடிகள் ஒன்றுக்கொன்று 1 மீட்டர் இடைவெளியில் ஊன்றியிருந்தால், ஒரு காலை 1 செ.மீ. நீட்டுவது அச்சை அரைப் பாகைக்கு மேல் சாய்த்துவிடும். இதனைத் தவிர்க்கவே, கால்களுக்கும் தலைப்பகுதிக்கும் இடையே மட்டத்தளம் பொருத்தப்படுகிறது. அரைக்கோளக் கிண்ண வகை விரைவானது. மூன்று திருகு வகை மெதுவானது, ஆனால் நுட்பமானது.

இவ்வமைப்பு நில அளவையாளர்களுக்கு நெடுங்காலமாகப் பழக்கமானது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் பரங்கிமலையில் தொடங்கிப் பெரும்பாக்கம் நோக்கிச் சுமார் 7.5 மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியப் பெரும் முக்கோணவியல் அளவைக்கு இதுவே தொடக்கம். அதில் பயன்பட்ட 100 அடி எஃகுச் சங்கிலி, மரப்பெட்டிகளில் கிடத்தப்பட்டு, உயர்த்தித் தாழ்த்தும் திருகுகள் பொருத்திய முக்காலிகளின்மேல் மட்டம் செய்யப்பட்டது. நில அளவையில் கோணங்களை அளக்கும் தியோடலைட்டு கருவியும், முக்காலி, மட்டத் திருகுகள், செங்குத்து அச்சில் சுழலும் பாகை குறித்த வட்டு ஆகியவற்றால் ஆனதே. அகலப்பரப்புத் தலைப்பகுதியை, தொலைநோக்கிக்குப் பதிலாகப் படக்கருவி பொருத்திய எளிய தியோடலைட்டு எனலாம்.

மட்டத்தைப் படக்கருவியின் மேல் உள்ள குமிழை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. படக்கருவியை ஒரு முழுச் சுற்று சுழற்றும்போது குமிழ் இடம் மாறாதிருந்தால்தான் அச்சு செங்குத்தாக உள்ளது எனக் கொள்ளலாம். கொத்தனார்கள் பயன்படுத்தும் ரசமட்டத்தைச் சுழல்தட்டின்மேல் வைத்தும் இதனைச் சோதிக்கலாம்.

சுழல்தட்டு

சுழல்தட்டில் 0 முதல் 360 வரை பாகைக் குறியீடுகள் இருக்கும். சில வகைகளில் குறிப்பிட்ட கோணங்களில் தானே நிற்கும் நிறுத்தப்பள்ளங்களும் உண்டு. இருட்டிலும், எண்களைப் பாராமல் விரைந்து எடுக்க வேண்டிய இடங்களிலும் இவை பயன்படும்.

இங்கு ஒரு சிக்கன வழி உண்டு. வழக்கமான பந்துத் தலையில் சுழலும் பகுதி பந்துக்குக் கீழே இருப்பதால், கால்கள் சாய்ந்திருந்தால் சுழற்சியும் சாய்ந்துவிடும். பந்துக்கு மேலே ஒரு சுழல்தட்டைப் பொருத்தினால், பந்தே மட்டத்தளமாகிவிடுகிறது. ஏற்கெனவே பந்துத் தலை வைத்திருப்பவருக்குத் தனி மட்டத்தளம் தேவையில்லை.

தலைப்பகுதி

- ஒற்றை வரிசை அமைப்பு: சறுக்குச் சட்டமும் எல் வடிவத் தாங்கியும் கொண்டது. படக்கருவியை நெடுக்குவாட்டில் நிறுத்தி, நுழைதுளையை அச்சின்மேல் கொண்டுவர இது போதும். ஒரு வரிசைப் படங்களால் ஆன காட்சிகளுக்கு ஏற்றது.
- இரு அச்சு அமைப்பு: கிடைச்சட்டம், நிமிர்சட்டம், மேற்சட்டம் என மூன்று சட்டங்கள் கொண்டது. படக்கருவியை மேலும் கீழும் சாய்த்தாலும் நுழைதுளை அதே இடத்தில் நிற்கும். கூரையும் தரையும் உள்ளிட்ட முழுக்கோளக் காட்சிகளுக்கு இது தேவை.

வாங்கும்போது திருகு மரைகளைக் கவனிக்க வேண்டும். படக்கருவிகளின் அடியில் உள்ளது கால் அங்குலத் திருகு. அங்குலத்துக்கு 20 மரைகள் கொண்டது. முக்காலிக் கால்களின் தலையில் பெரும்பாலும் எட்டில் மூன்று அங்குலத் திருகு இருக்கும். இது அங்குலத்துக்கு 16 மரைகள் கொண்டது. எல் வடிவத் தாங்கியை லேத் பட்டறையில் செய்துகொள்ள விரும்பும் மாணவர்கள் இவ்வளவுகளைத் தெளிவாகக் கூற வேண்டும். வன்பொருள் கடைகளில் எளிதில் கிடைக்கும் 6 மி.மீ. திருகு பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் மரை இடைவெளி வேறு. அதனை வலிந்து முறுக்கினால் படக்கருவியின் மரை பழுதடையும்.

தேவையான படங்களின் எண்ணிக்கை

அடுத்தடுத்த படங்கள் ஏறத்தாழ 30 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். படக்கருவியை நெடுக்குவாட்டில் நிறுத்தி, 36 மி.மீ. × 24 மி.மீ. உணரியுடன் முழுச் சுற்றுக்குத் தேவையான படங்கள்:

- 24 மி.மீ. வில்லை: பார்வைக் கோணம் சுமார் 53 பாகை, 36 பாகை இடைவெளியில் 10 படங்கள்
- 35 மி.மீ. வில்லை: பார்வைக் கோணம் சுமார் 38 பாகை; 24 பாகை இடைவெளியில் 15 படங்கள்
- 50 மி.மீ. வில்லை: பார்வைக் கோணம் சுமார் 27 பாகை, 18 பாகை இடைவெளியில் 20 படங்கள்

தொடக்கநிலைப் படக்கருவிகளில் காணப்படும் சிறிய உணரியுடன் 18 மி.மீ. வில்லையைப் பயன்படுத்தினால், 30 பாகை இடைவெளியில் 12 படங்கள் தேவை. எல்லாப் படங்களுக்கும் ஒளியளவு, வெண்சமநிலை, குவியம் ஆகியவற்றை மாறாமல் வைக்க வேண்டும்.

இடத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுத்தல்

மலையுச்சிக் காட்சிகள்

திருநீர்மலை, பல்லாவரம் போன்ற குன்றுகளின் மேலிருந்து தெரியும் ஏரிகளும் குடியிருப்புகளும் நூறு மீட்டருக்கு அப்பால் உள்ளவை. இங்குச் சுழல்தட்டும் மட்டமும் போதும். சறுக்குச் சட்டம் தேவையில்லை. ஆனால் காலடியில் உள்ள பாறையோ கைப்பிடிச் சுவரோ படத்தின் அடியில் இடம்பெற்றால் நிலைமை மாறிவிடும். 2 மீட்டரில் உள்ள பாறையில் பிழை சுமார் 100 படப்புள்ளிகள். அதனைத் தவிர்த்துச் சட்டமிடுவது செலவில்லாத தீர்வு.

மரங்கள் அடர்ந்த வளாகங்கள்

1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் வளாகம், புதர்க்காடும் மரங்களும் நிறைந்தது. இத்தகைய இடத்தில் கிளைகள் 5 மீட்டரிலும் இருக்கும், 50 மீட்டரிலும் இருக்கும். 5 மீட்டரில் பிழை சுமார் 40 படப்புள்ளிகள். எனவே ஒற்றை வரிசைச் சறுக்குச் சட்டம் இன்றியமையாதது. காற்றில் அசையும் இலைகளால் எழும் பிழையை எந்த முக்காலியும் நீக்காது. காற்று அடங்கிய அதிகாலை இதற்கு ஏற்ற வேளையாகும்.

மண்டபங்களும் உட்கூடங்களும்

தாம்பரத்துக்கு அருகில் மாடம்பாக்கத்தில் உள்ள தேனுபுரீசுவரர் கோவில் சோழர் காலத்தது. இத்தகைய கோவில்களின் மண்டபங்களில் தூண்கள் ஓரிரு மீட்டர் தொலைவிலேயே நிற்கும். விதானமும் தரையும் காட்சியின் பகுதிகளாகும். இரு அச்சு அமைப்பும், சில மில்லிமீட்டர் நுட்பத்துடன் நுழைதுளையைப் பொருத்துதலும் இங்குத் தேவை. வகுப்பறை, நூலகம், வீட்டுக்கூடம் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

ஈரநிலமும் கடற்கரையும்

பள்ளிக்கரணை சதுப்புநிலம், கோவளம் கடற்கரை ஆகியவற்றில் நீண்ட நேர்கோடாகத் தொடுவானம் தெரியும். இங்கு இடமாறு தோற்றத்தைவிட மட்டமே முதன்மையானது. சேற்றிலும் மணலிலும் கால்கள் படம் எடுக்கும்போதே இறங்கக்கூடும். கால்களுக்கு அடியில் சிறு பலகைகளை வைத்து, சுற்று முடிந்ததும் மட்டத்தை மீண்டும் சரிபார்ப்பது நல்லது.

வரையறுத்த தொகையுடன் தொடங்குபவர் முதலில் உறுதியான கால்களையும், அடுத்துப் பந்தின்மேல் அமையும் சுழல்தட்டையும், அதன்பின் சறுக்குச் சட்டத்தையும் எல் வடிவத் தாங்கியையும் வாங்கலாம். இரு அச்சு அமைப்பைத் தேவை உறுதியான பின்னரே வாங்குவது சிக்கனமாகும்.

முக்காலி இன்றி எடுத்தல்

முக்காலி இல்லாதபோதும் நுழைதுளையை ஓரளவு நிலைநிறுத்தலாம். நுழைதுளைக்கு நேராக வில்லையின் மேல் ஒரு நூலைக் கட்டி, அதன் நுனியில் சிறு தூக்குக்குண்டைத் தொங்கவிட வேண்டும். தரையில் ஒரு நாணயத்தை வைத்து, குண்டு எப்போதும் அதன்மேல் நிற்குமாறு படக்கருவியைச் சுற்றி நடந்து படமெடுக்கலாம்.

கைபேசியில் அகலப்பரப்புக் காட்சி எடுப்போர், கையை நீட்டிக்கொண்டு உடலைத் திருப்புவது வழக்கம். இதில் வில்லை அரை மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் நகர்கிறது. கைபேசியை ஓரிடத்தில் நிறுத்தி, அதனைச் சுற்றித் தாம் நகர்ந்தால் உட்கூடங்களிலும் இணைப்பு பெரிதும் மேம்படும்.

பராமரிப்பு

கடற்கரையில் பயன்படுத்திய முக்காலியை அன்றே நன்னீரில் கழுவி, கால்களை முழுவதும் நீட்டி நிழலில் உலர்த்த வேண்டும். உப்பும் மணலும் கால்களின் பூட்டுகளை அரிக்கும். பாறையில் நிறுத்தும்போது கூர்முனைகளைவிட இரப்பர் பாதங்களே வழுக்காமல் பிடிக்கும். காற்று மிகுந்த இடங்களில் நடுத்தண்டின் கொக்கியில் எடையைத் தொங்கவிடலாம். ஆனால் அது தரையைத் தொட்டு ஊசலாடாமல் இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இடி மின்னல் இருக்கும்போது குன்றின் மேல் முக்காலியுடன் நிற்பது உயிருக்கு ஆபத்தானது.

அனுமதி

தென்சென்னைப் புறநகரில் மீனம்பாக்கம் விமான நிலையம், தாம்பரம் விமானப்படைத் தளம், பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிக் கழகம் ஆகியவை உள்ளன. இத்தகைய இடங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் படமெடுப்பதில் கட்டுப்பாடுகள் உண்டு. அகலப்பரப்புக் காட்சி எல்லாத் திசைகளையும் உள்ளடக்குவதால், விரும்பாமலேயே இவை படத்தில் இடம்பெறக்கூடும். மாடம்பாக்கம் கோவில் இந்தியத் தொல்லியல் ஆய்வுத்துறையின் பாதுகாப்பில் உள்ளது. அத்துறையின் நினைவுச்சின்னங்களில் முக்காலியைப் பயன்படுத்த முன் அனுமதி தேவை. வழிபாட்டில் உள்ள கோவில்களில் நிருவாகத்தின் ஒப்புதலும் பெற வேண்டும். கல்லூரி வளாகங்களுக்கும் இது பொருந்தும்.

ஆவணப் பயன்பாடு

முறையாக எடுத்த அகலப்பரப்புக் காட்சி, ஓரிடத்தின் முழுமையான பதிவாகும். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் ஒரு பகுதி 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் 1247.54 எக்டேர் பரப்பு ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. தாம்பரமும் அதனைச் சூழ்ந்த பேரூர்களும் இணைந்து 2021இல் மாநகராட்சி ஆயின. விரைந்து மாறும் இத்தகைய நிலப்பகுதியில், ஒரே இடத்திலிருந்து சில ஆண்டுகள் இடைவெளியில் எடுக்கப்படும் படங்கள், நீர்ப்பரப்பும் கட்டடங்களும் எவ்வாறு மாறின என்பதை ஒப்பிட உதவும்.

இவ்வொப்பீடு இயல வேண்டுமெனில், ஒவ்வொரு காட்சியுடனும் முக்காலி நின்ற இடத்தின் அகலாங்கு, நெட்டாங்கு, தரையிலிருந்து நுழைதுளையின் உயரம், குவியத் தூரம், சுழல்தட்டின் சுழிப் பாகை நோக்கிய திசை, நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். இக்குறிப்புகள் இருந்தால், வேறொருவர் வேறொரு முக்காலியுடன் வந்தும் அதே காட்சியை மீண்டும் எடுக்க முடியும்.

இவற்றையும் பார்க்க

- ஒளிப்படவியல்
- இடமாறு தோற்றம்
- தியோடலைட்டு
- பள்ளிக்கரணை சதுப்புநிலம்
- இந்தியப் பெரும் முக்கோணவியல் அளவை